மதினியின் தீவு

எங்கள் விடுதியில் அவருக்குப் பெயர் கிடையாது. மதினி, அவ்வளவுதான். விடுதி நடத்திய அண்ணாச்சியின் காலமான தமையனுக்கு மனைவி அவர். அண்ணாச்சி 'மதினி' என்று கூப்பிடுவதைக் கேட்டு நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். பால்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர், மின்கணக்கு எடுக்க வருகிறவர் எல்லாருக்கும் அவர் மதினிதான். ஒருமுறை தபால்காரர் அவருடைய முழுப்பெயரை வாசலில் நின்று கூப்பிட, நாங்கள் நாலைந்து பேர் "அப்படி இங்க யாரும் இல்லையே" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். சமையல் செய்யும் செல்லம்மக்கா விவரம் தெரிந்து தெருமுனை வரைக்கும் ஓடிப்போய்த் தபாலை வாங்கி வந்தார்.

பாளையங்கோட்டையில், வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் சின்ன விடுதி அது. வண்ணார்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் எனக்கு வேலை கிடைத்தபோது, ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒரு பையோடு அங்கே போய் நின்றேன். மதினி வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"கட்டில் ஒண்ணும் காலி இல்லியே" என்றார்.

நான் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

"எங்கன போறே? கட்டில்தான் இல்லன்னு சொன்னேன். சாப்பாடு இருக்குல்லா. உள்ள வாயேன்ளா."

சாப்பிட்டேன். சாப்பிட்ட பிறகு, "இன்னைக்கு என் ரூமுல படுத்துக்கோ, நாளைக்குப் பாப்போம்" என்றார். அந்த நாளை வருவதற்கு மூன்று மாதம் ஆனது. அவருடைய அறையில் நான் மட்டும் இல்லை. மஞ்சள்காமாலையில் தேறிக்கொண்டிருந்த ஒரு நர்ஸ் அவர் கட்டிலில் படுத்திருந்தாள். தேர்வுக்குப் படிக்கிற ஒருத்தி, மாடியில் சத்தம் என்று சொல்லி, ஜன்னலோரம் பாய் விரித்திருந்தாள். எங்கள் மூவருக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் மதினி கையைத் தலைக்கு வைத்துத் தூங்குவார். அந்த அறைக் கதவு சாத்தி நான் பார்த்ததே இல்லை.

'வாயேன்' என்ற சொல் அவர் வாயில் தானாக வரும். யோசித்துச் சொல்வதில்லை. எங்கே போனாலும் யாரையாவது கூட்டிக்கொண்டு போவார். போன இடத்திலிருந்து யாரையாவது கூட்டிக்கொண்டு வருவார். அந்த நர்ஸ் தேறி, அவளுக்கு எங்கள் ஸ்ரீவைகுண்டத்திலேயே கல்யாணம் நடந்தது. பஸ்ஸில் மதினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், வாழைக்கன்றுக்குக் கடன் கேட்க வங்கிக்குப் போய்க்கொண்டிருந்தவர். செய்துங்கநல்லூர் தாண்டுவதற்குள் மதினி கேட்டுவிட்டார்: "பேங்கு எங்கயும் ஓடிராது. நல்ல கல்யாணம். நீங்களும் வாங்களேன்." அந்த அம்மாள் வந்தார். எங்களோடு பந்தியில் உட்கார்ந்தார். மாலை மாற்றும்போது முன்வரிசையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்யாண ஆல்பத்தில் இன்றைக்கும் மாப்பிள்ளை வீட்டார் அவரைப் பெண் வீடு என்றும், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லா அழைப்பும் இப்படிச் சிரிப்பாக முடிந்துவிடவில்லை. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் பெட்டியோடு அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணை அழைத்துவந்துவிட்டார். மறுநாள் அவள் கணவன் தன் தம்பிமாரோடு வந்து வாசலில் நின்று கத்தினான். அண்ணாச்சி பக்கத்து வீட்டிலிருந்து வந்து ஒரு வழியாக அவர்களை அனுப்பிவைத்தார். அதன் பிறகு மதினியிடம், "மதினி, இது சத்திரம் இல்ல" என்றார்.

"தெரியும்யா. சத்திரத்துல பாயில்லா போடுவாவ. நாம மெத்தை போட்டிருக்கோம்" என்றார் மதினி.

அண்ணாச்சி கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். அந்தப் பெண் தன் அம்மா வந்து அழைத்துப் போகிற வரைக்கும் அங்கேதான் இருந்தாள்.

நான் போன நாலாவது வருஷம், கோடைக்கு முன்னால், மதினிக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு மத்தியானம் மின்சாரம் இல்லை. எனக்கு அன்று வார விடுமுறை. கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். அவர் குடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்து, கைபேசியில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். இலங்கையில் யாழ்ப்பாணத்துக்கு அப்பால் உள்ள நெடுந்தீவைப் பற்றிய வீடியோ அது. தட்டையான காய்ந்த நிலம். பனைகள். சுண்ணாம்பு இல்லாமல் வெறும் பவளக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள். ஆளே இல்லாத வெளியில் நாலைந்து குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன.

மதினி கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இது எங்க ராதாபுரம் மாதிரில்லா இருக்கு. அதே பனை. அதே வெயிலு." கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆளத்தான் காணல."

"அங்க ஆளுங்க ரொம்பக் கம்மி மதினி. கடல் நடுவுல இருக்குல்ல, பாதிப் பேரு வெளியூருக்குப் போயிட்டாங்களாம்."

"திரும்பப் போடு" என்றார். போட்டேன். மூன்றாம் முறையும் பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

"ஏளா, ஒண்ணு சொன்னா சிரிக்க மாட்டியே?"

"சொல்லுங்க."

"பொறந்ததுலேர்ந்து நான் ஒரு நாளு கூட தனியா இருந்ததில்ல, கேட்டியா. ராதாபுரத்துல நாங்க ஏழு பிள்ளைய. எல்லாத்துக்கும் ஒரே ரூமு. கல்யாணம் பண்ணி வந்தா இங்கன மாமனார், மாமியார், கொழுந்தன்னு வீடு நெறைய ஆளு. அவுக போன பொறவு இந்த ஹாஸ்டல். தனியா இருந்தா நான் எப்படி இருப்பேன்னு எனக்கே தெரியாதுளா."

குறையாகச் சொல்லவில்லை. குற்றாலத்தில் மங்குஸ்தான் விற்கிறது, தான் இன்னும் தின்று பார்த்ததில்லை என்று சொல்வதுபோலச் சொன்னார்.

காய்ச்சல் விட்டது; தீவு விடவில்லை. ஒரு வாரம் கழித்து, "அங்கன போவ என்ன செய்யணும்?" என்று கேட்டார். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் இருக்கிறது, அங்கிருந்து யாழ்ப்பாணம், பிறகு பஸ், பிறகு படகு என்று சொன்னேன். பாஸ்போர்ட் வேண்டும் என்றேன். சித்திரை விசு விடுமுறையோடு சனி ஞாயிறும் சேர்ந்து வருகிறது, அப்போது விடுதியில் எல்லாரும் ஊருக்குப் போய்விடுவார்கள், அந்த நாலு நாள் போய்வரலாம் என்று அவரே முடிவு செய்திருந்தார். தனியாக.

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. நாலு வருஷத்தில் கோயிலோ மருந்துக்கடையோ, எங்கே கிளம்பினாலும் முதலில் என்னைக் கூப்பிட்டவர், இதற்குக் கூப்பிடவில்லை. ஆனால் கூப்பிடாமல் இருக்க அவர் எவ்வளவு பாடுபடுகிறார் என்பதும் தெரிந்தது. என்னோடு பயணத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பேச்சின் நடுவே சட்டென்று உதட்டை மூடிக்கொள்வார்.

தீவில் தங்குவதற்கு ஒரு வீட்டை இணையத்தில் கண்டுபிடித்து, அதன் சொந்தக்காரரிடம் வாட்ஸப்பில் பேசவைத்தேன். சாப்பாடு, குளியலறை எதையும் மதினி கேட்கவில்லை.

"ஐயா, ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா?" என்று கேட்டார்.

"பயப்பிடாதேங்கோ அம்மா, இஞ்ச கள்ளர் ஒருத்தரும் இல்லை" என்றார் அவர்.

"கள்ளனுக்கில்லய்யா. சும்மா கேட்டேன்."

சங்கடம் போலீஸ் விசாரணையில் தொடங்கியது. பாஸ்போர்ட்டுக்காக வந்த ஏட்டையா செல்லம்மக்கா போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டே கேட்டார்: "எதுக்கும்மா வெளிநாடு?"

"ஒரு தீவுக்குப் போறேன். ஆள் நடமாட்டம் இல்லாத இடம்."

"அங்க போயி என்ன செய்வீய?"

"ஒண்ணுஞ் செய்ய மாட்டேன்."

ஏட்டையா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். "எனக்கும் அப்படி ஒரு இடம் இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

"அதுக்கென்ன, நீங்களும் வாங்களேன்" என்றார் மதினி.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். நல்லவேளை, ஏட்டையா சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டார்.

ஆனால் அந்தச் சொல் ஒருமுறை வெளியே வந்த பிறகு நிற்கவில்லை. மாடியில் விக்டோரியா டீச்சர் இருந்தார். பள்ளியில் விளையாட்டு ஆசிரியை, ஐம்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எந்த விடுமுறைக்கும் ஊருக்குப் போகமாட்டார். "குதிரை இருக்காமே" என்று ஒருநாள் ஆசையாகக் கேட்டார். மதினி, "வாங்களேன் டீச்சர், பாக்கலாம்" என்றுவிட்டார். செல்லம்மக்கா, "கடல்ல கப்பல்ல போறது எப்படி இருக்கும் மதினி?" என்று மாவு அரைத்துக்கொண்டே கேட்டார். அவருக்கும் பாஸ்போர்ட் எடுக்க வேண்டியதாயிற்று. எனக்குப் போக ஊர் இல்லை. அண்ணன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஓசூருக்குப் போய்விட்டான். "நீ மட்டும் இங்கன கெடந்து என்ன செய்யப் போறே? வாயேன்" என்று கடைசியில் என்னையும் கூப்பிட்டார். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கும் குதிரை பார்க்க வேண்டும்போல இருந்தது.

விஷயம் அண்ணாச்சி காதுக்குப் போனது. அவர் சாயங்காலம் தன் கடையைச் சாத்திவிட்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"பொம்பளைய மட்டும் கடல் தாண்டிப் போறியளா? நல்லாருக்கு. நானும் வாறேன். இவளும் வருவா" என்று தன் மனைவியைக் காட்டினார். அவர் மனைவி அதிகம் பேசாதவர். மதினியை அக்கா என்பார். அன்றைக்கும் மதினியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு சில நாள் மதினி பயணத்தைப் பற்றிப் பேசவில்லை. கைபேசியில் வீடியோவைக் காட்டினால், "பொறவு பாக்குதேன்" என்றார். ஒரு நாள் வெண்டைக்காயை நறுக்காமல் வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குக் குற்றவுணர்வாக இருந்தது. நாங்கள் ஐந்து பேருமாகச் சேர்ந்து அந்தத் தீவை நிரப்பிவிட்டோம். "நாங்க யாரும் வரலைன்னு சொல்லிருதோமே மதினி" என்று மெல்லக் கேட்டேன். "சொன்னது சொன்னதுதான். கூப்பிட்டுட்டு வேண்டாம்னு சொல்லப்பிடாது" என்றார்.

பிறகு திடீரென்று தெளிந்துவிட்டார். என்ன நடந்ததென்று அப்போது புரியவில்லை. ஒரு காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு எழுந்துபோனார். அன்றிலிருந்து பயண வேலை மும்முரமாயிற்று. டீச்சரை முன்னிருக்கையில் உட்காரவைக்க வேண்டும் என்றார். செல்லம்மக்காவுக்குக் கப்பலில் குமட்டாமலிருக்க எலுமிச்சம்பழம் வாங்கி வைத்தார். வழியில் சாப்பிட இட்லிப்பொடி தடவிய இட்லியும் புளியோதரையும் என்று தீர்மானித்தார். அண்ணாச்சியிடம், வேன்காரர் சரியாக வருவாரா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். மனசு சமாதானமாகிவிட்டது என்று நினைத்து நானும் நிம்மதியானேன்.

கிளம்புகிற அன்று காலை வெயில் ஏறும் முன்பே வேன் வந்தது. மற்ற பெண்கள் முந்தின நாளே ஊருக்குப் போய்விட்டார்கள். பைகளை ஏற்றினோம். எல்லாரும் உட்கார்ந்த பிறகு மதினி மட்டும் கேட்டுக்கு உள்ளேயே நின்றார்.

"ஏறுங்க மதினி, நேரமாவுது" என்றார் அண்ணாச்சி.

"நான் வரலைய்யா. நீங்க போயிட்டு வாங்க."

"என்னது?"

"முட்டு வலிக்கி. கப்பல் ஆடுத ஆட்டத்துக்கு எனக்கு ஒத்துக்கிடாது."

"டிக்கெட்டு போட்டாச்சு, விசா எடுத்தாச்சு. இப்ப முட்டு வலிக்கின்னா எப்படி மதினி?" அண்ணாச்சி இறங்கிவிட்டார். டீச்சரும் இறங்கினார். செல்லம்மக்கா அழத் தயாராக இருந்தார். நான் என் பையை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன்.

"நீங்க இல்லாம எப்படி? நானும் இங்கயே இருக்கேன் மதினி. துணைக்கு."

"வேண்டாம்" என்றார்.

அந்தச் சொல்லை அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. அதட்டவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. என் கையிலிருந்த பையை வாங்கி வேனுக்குள் வைத்தார். என் தோளைப் பிடித்து மெல்ல ஏற்றிவிட்டார். வேன் திரும்பும்போது பார்த்தேன். கையை ஆட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் முட்டுவலியின் அடையாளமே இல்லை.

தீவு அழகாக இருந்தது. படகிலிருந்து இறங்கியதும் வெள்ளை மணல், அதற்கப்பால் அதே பனைகள், கல் வேலிகள். தண்ணீர்த் தொட்டியருகே குதிரைகள் எலும்பு தெரிய நின்றன. டீச்சர் ஒரு குட்டியின் கழுத்தைத் தடவிக்கொடுத்துவிட்டு வெகுநேரம் தன் உள்ளங்கையை முகர்ந்துகொண்டிருந்தார். செல்லம்மக்கா முழங்கால் வரைக்கும் கடலில் நின்று, "உப்பு இங்கயும் அதே உப்புத்தான்" என்றார். தங்கிய வீட்டுக்காரர் எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "மற்ற அம்மா எங்க? தாழ்ப்பாள் கேட்டவா?" என்றார். ஓர் அறைக் கதவின் உள்பக்கம் புதிதாகத் தாழ்ப்பாள் போட்டு வைத்திருந்தார். அந்த அறையை டீச்சருக்குக் கொடுத்தோம்.

போய்ச் சேர்ந்ததும் மதினிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. சாயங்காலமும் எடுக்கவில்லை. மறுநாள் காலை, கைபேசியே அணைந்திருப்பதாகச் சொன்னது. அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை.

"ஒத்தையில விட்டுட்டு வந்தது தப்பு. விழுந்து கிழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்? கடை ஆளுக்குப் போன் போடுதேன். சுவரேறிக் குதிச்சுப் பாக்கட்டும்."

அப்போதுதான் அவர் மனைவி வாயைத் திறந்தார். பயணம் தொடங்கியதிலிருந்து அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

"நான் அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாள்லேர்ந்து அக்கா ஒரு கதவச் சாத்தி நான் பாத்ததில்ல. இப்பமாவது சாத்தட்டும். ஒங்க ஆளு போயித் தட்டப்பிடாது."

அண்ணாச்சி அவரையே பார்த்தார். "ஒனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"முட்டுவலிக்காரி மொகமா அது?"

அண்ணாச்சி போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இருந்தாலும் மீதி நாட்கள் முழுவதும் கடலைப் பார்த்தபடி வடகிழக்கா தென்மேற்கா ஊர் எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டேயிருந்தார். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். திரும்பும் வழியில் கோவில்பட்டி தாண்டியதும் அண்ணாச்சி வேன்காரரை வேகமாகப் போகச் சொன்னார்.

வந்து இறங்கி கேட்டைத் தட்டினோம். சற்றுநேரம் சத்தமில்லை. அண்ணாச்சி இரண்டாம் தடவை ஓங்கித் தட்டப்போனபோது மதினி திறந்தார். தலைக்குக் குளித்து முடியை விரித்துப் போட்டிருந்தார். ஐந்து பேரையும் மாறிமாறிப் பார்த்து, வீட்டுக்கு விருந்து வந்தவர்களைப் பார்ப்பதுபோலச் சிரித்தார்.

"உள்ள வாங்க. உளுந்தங்களி கிண்டி வச்சிருக்கேன்."

அண்ணாச்சி திட்டுவதற்குத் தயாராக வந்தவர். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். அவர் மனைவி மட்டும் போகும்போது மதினியின் கையை ஒருமுறை பிடித்துவிட்டுப் போனார்.

எல்லாரும் போன பிறகு சமையலறையில் நான் கேட்டேன். "நாங்க எல்லாரும் சேர்ந்துதான உங்க பயணத்தைக் கெடுத்தோம்?"

"கெடுத்தியளா? யாரு சொன்னா?" மதினி பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார். "மொதல்ல வாய் தவறித்தான் ஒவ்வொருத்தரா கூப்பிட்டேன். கவலையாத்தான் இருந்துச்சு. பொறவு ஒரு நாள் காப்பி குடிக்கும்போது தோணிச்சு. டீச்சர் போறாவ, செல்லம்மா போறா, நீ போறே, கொழுந்தனும் அவளும் போறாவ. அப்பம் இங்கன யாரு இருப்பா? இவ்வளவு ஆளையும் அங்கன அனுப்பிட்டு நான் எதுக்குளா கடல் தாண்டணும்?"

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

"என்ன செஞ்சீங்க நாலு நாளும்?"

"காலையில முழிச்சேன். யாரும் கூப்பிடல. திரும்பவும் படுத்தேன்." இதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்ததை என்னால் எழுதிக் காட்ட முடியாது. "மத்தியானம் மாடிக்குப் போனேன். ஒவ்வொரு ரூமா நடந்தேன். பாட்டு கூடப் படிச்சேன், கேட்டுக்கோ. என் கொரலு நல்லாத்தான் இருக்கு. பசிச்சப்போ சாப்பிட்டேன். ஒரு நாள் மோர் மட்டும் குடிச்சிட்டுக் கெடந்தேன். ஏன் சாப்பிடலன்னு கேக்க நாதியில்ல."

"பயமா இல்லையா?"

"மொத நாளு இருந்துச்சு. ரெண்டாம் நாளு இல்ல."

"அப்புறம்?"

மதினி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தார்.

"மூணாம் நாளு சாயங்காலம் கேட்டுக்கிட்ட போயி நின்னேன். எதுக்குன்னு தெரியல, காலு போச்சு. ரோட்டுல ஒரு பொம்பள நடந்து வந்துக்கிட்டு இருந்தா. கையில பை, வேர்த்து வடியுது. பாவமா இருந்துச்சு. என்னப் பாத்து சிரிச்சா."

"கூப்பிட்டுட்டீங்களா?"

"வாய் வரைக்கும் வந்துட்டு. முழுங்கிட்டேன்ளா" என்றார் மதினி. "இன்னும் ஒரு நாளு மிச்சம் இருந்துச்சுல்லா."